"மனசுல உறுதி இருந்தா விட்டிருப்பான்": போதை மாத்திரைக்கு அடிமையானவரின் குணமும் மனநலமும்

துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் எட்டு காலி. உம்மாவுக்குப் பெயர் புரியவில்லை. மருந்துக்கடைத் தம்பியிடம் காட்டினால், "இது பெரிய வலிக்குக் கொடுக்கிற மாத்திரை மாமி, டாக்டர் சீட்டு இல்லாம யாரும் தரக்கூடாது. யாருக்கு இது?" என்று திருப்பிக் கேட்கிறார். அன்றிரவு வாப்பாவுக்குத் தெரிகிறது. மறுநாள் பெரியவாப்பா வருகிறார், மாமா வருகிறார். அடி, அழுகை, குர்ஆன் மீது கைவைத்துச் சத்தியம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒரு காலி அட்டை. அப்போது எல்லார் வாயிலிருந்தும் வருவது ஒரே வார்த்தைதான்: "மனசுல உறுதி இருந்தா விட்டிருப்பான்."

நம் ஊர்களில் பல வீடுகளுக்குள் இன்று இதுதான் நடக்கிறது. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் சரி, எங்கே தவறு என்பதைப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எந்தப் போதையைப் பற்றிப் பேசுகிறோம்?

அபின் செடியின் பாலிலிருந்து வருபவையும், அதைப்போலவே மூளையில் வேலை செய்யும்படி ஆலையில் தயாரிக்கப்படுபவையும் சேர்ந்ததே 'ஓபியாய்டு' என்ற மருந்துக் குடும்பம். மார்ஃபின், கோடீன், ஹெராயின், டிரமடால், டேபென்டடால் எல்லாம் இதில் அடக்கம். தெருவில் 'பிரவுன் சுகர்' என்பதும், இலங்கையில் 'தூள்', 'குடு' என்று சொல்லப்படுவதும் ஹெராயின்தான். புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கும் மார்ஃபின் ஓர் அருமருந்து. அதே குடும்பத்து மாத்திரையை 19 வயதுப் பையன் ஊசியில் ஏற்றிக்கொள்ளும்போது கதை வேறு.

இது வடநாட்டுப் பிரச்சினை, பஞ்சாப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைநோய் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர் ஏதோ ஒருவகை ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள். மக்கள்தொகையில் 2.06 சதவீதம். ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்கள் மட்டும் சுமார் எட்டரை லட்சம் பேர். தமிழகத்தில் இப்போது அதிகம் பிடிபடுவது பொடியைவிட மாத்திரைதான். டிரமடாலை 2018-இல் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதன் பிறகு வேறு மாத்திரைகளின் பெயர்கள் செய்தித்தாளில் வரத் தொடங்கின.

எல்லாரும் கெட்ட சகவாசத்தில் தொடங்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுகுவலிக்கு டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டியே ஐந்து வருடமாக விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்பவராகவும் அவர் இருக்கலாம்.

உடம்புக்குள் நடப்பது

அடிபட்டால், பயந்தால், அழுதால் நம்மை ஆற்றுவதற்கு மூளை தானாகவே 'எண்டார்ஃபின்' என்ற பொருளைச் சுரக்கிறது. அது போய்ப் பொருந்தும் பூட்டுகள் மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் உள்ளன. ஓபியாய்டு அந்தப் பூட்டுகளுக்கான கள்ளச்சாவி. வலியை மட்டுமல்ல, கவலையையும் தனிமையையும் அவமானத்தையும் அது மரத்துப்போகச் செய்கிறது. வாழ்க்கையில் ஆறாத ரணத்தோடு நடமாடும் ஒருவருக்கு முதல் மாத்திரை ஏன் அப்படிப் பிடித்துப்போகிறது என்பது இங்கேதான் விளங்கும்.

வெளியிலிருந்து தினமும் வந்தால், பூட்டுகள் மெல்ல மெல்ல மந்தமாகின்றன. ஒன்று போட்டால் கிடைத்த நிம்மதிக்கு இப்போது நான்கு வேண்டும். நிறுத்தினால் உடம்பு எதிர்த்திசையில் பாய்கிறது: கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைகிற வலி, தூக்கமின்மை. ஹெராயின் என்றால் கடைசியாக எடுத்த எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஆனால் தூக்கம் வராமலும் எதிலும் பிடிப்பில்லாமலும் இருக்கும் நிலை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும்.

இந்தக் கட்டத்தில் அவர் மாத்திரையைத் தேடிப் போவது இன்பத்துக்காக அல்ல. மற்றவர்கள் காலையில் எழும்போதே இருக்கும் சாதாரண நிலைக்கு வந்து சேர்வதற்காகத்தான்.

குணம் முதலில் வந்ததா, போதை முதலில் வந்ததா?

ஓபியாய்டுக்கு அடிமையானவர்களின் ஆளுமையைப் பற்றிய ஆய்வுகள் நிறைய உண்டு. அவற்றில் கணிசமானவை ஈரானிலிருந்து வந்தவை. அபின் விளையும் ஆப்கானிஸ்தானை அடுத்திருக்கும் அந்த முஸ்லிம் நாட்டில் இது தலைமுறைகளாக இருக்கும் நோய். இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது இது: அடிமையானவர்களிடம், சராசரியாகப் பார்த்தால், சட்டென்று கலங்கும் மனம், பதற்றம், யோசிக்காமல் செய்துவிடும் சுபாவம் ஆகியவை கூடுதலாகவும், பொறுப்பும் ஒழுங்கும் குறைவாகவும் இருக்கின்றன. மீண்டெழும் திறனை அளக்கும் கேள்வித்தாள்களிலும் அவர்களின் மதிப்பெண் குறைவு.

"பார்த்தீர்களா, அவன் குணமே அப்படித்தான்" என்று சொல்ல இது போதுமா? போதாது. இத்தகைய ஆய்வுகளில் பல, சிகிச்சை மையத்தில் இருப்பவர்களையும் வெளியில் இருப்பவர்களையும் ஒரே ஒரு நாள் கேள்வி கேட்டு ஒப்பிட்டவை. ஐந்து வருடம் மாத்திரையோடு கழித்த பிறகு ஒருவர் பதற்றமாகவும் பொறுப்பில்லாமலும் இருக்கிறார் என்றால், அது தொடக்கத்திலிருந்தே இருந்ததா, மாத்திரை கொண்டுவந்ததா என்று அந்த ஒரு நாள் கேள்வித்தாளால் சொல்ல முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சிறுவயதிலேயே துடுக்கும் அவசரமுமாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எந்தப் போதைக்கும் போவதில்லை. அமைதியான, வெட்கப்படுகிற, உம்மாவின் சேலைத் தலைப்பை விடாத பிள்ளையும் இதில் விழுந்திருக்கிறது. 'அடிமையாகும் குணம்' என்று தனியாக ஒன்றை இதுவரை யாரும் பிரித்துக் காட்டவில்லை.

பொய்யும் திருட்டும்? அதுதான் வீட்டாரை அதிகம் நோகடிப்பது. ராத்தாவின் வளையல் காணாமல் போகிறது. கேட்டால் அல்லாஹ்மீது ஆணையாக இல்லை என்கிறான். அந்தச் செயல் தவறுதான், அதற்கு அவர் பொறுப்பு ஏற்றே ஆக வேண்டும். ஆனால் அதைப் பார்த்து அவருடைய மொத்தக் குணத்தையும் எடைபோடுவது தப்புக்கணக்கு. மாலைக்குள் மாத்திரை இல்லையென்றால் உடம்பு முறுக்கும் என்ற பயத்தில் செய்தது அது. சிகிச்சை நிலைபெற்றபின் பலரிடம் இந்தப் பழக்கங்கள் உதிர்ந்துவிடுகின்றன.

ஆளுமை கல்லில் செதுக்கியதும் அல்ல. 207 ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு, உளவியல் சிகிச்சையால் ஆளுமைக் கூறுகளே மாறுகின்றன என்றும், அதிகம் மாறுவது மனநிலையின் நிதானம் என்றும் காட்டியது. போதை நோயாளிகளிடம் இந்த மாற்றம் மற்றவர்களைவிடக் குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே நம்பிக்கை வைக்கலாம், அவசரப்படக் கூடாது.

மாத்திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோய்

போதைக்கு அடிமையானவர்களில் பெரும்பங்கினருக்கு மனச்சோர்வு, பதற்ற நோய், பழைய அதிர்ச்சியின் வடு ஆகியவற்றில் ஒன்றாவது கூடவே இருக்கிறது. சிறுவயதில் அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டுக்குள் ஓயாத சண்டை ஆகியவற்றைக் கண்டவர்களுக்கு பிற்காலத்தில் போதைப் பழக்கம் ஏற்படும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று அமெரிக்காவில் சுமார் 17,000 பேரிடம் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. மாத்திரையை மட்டும் பிடுங்கிவிட்டு மனச்சோர்வை அப்படியே விட்டால், வலி நிவாரணியைப் பறித்துக்கொண்டு புண்ணைத் திறந்து விட்டதாகவே ஆகும். தற்கொலை எண்ணம் தலைதூக்குவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று பையன் சொன்னால் அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மீண்டெழுவது யாருடைய திறமை?

ஹவாயில் காவாய் என்றொரு தீவு. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், மனநோயுற்ற தாய், உடைந்த குடும்பம் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்ல, திறமையான, அன்பான மனிதராக வளர்ந்துவிட்டார். அவர்களிடம் என்ன இருந்தது? இணக்கமான சுபாவம் ஓரளவு உதவியிருந்தது. ஆனால் அழுத்தமாகத் தெரிந்த ஒன்று, தன்னை நிபந்தனையில்லாமல் நேசித்த ஒரு பெரியவராவது அந்தப் பிள்ளைக்கு இருந்தார் என்பது. நன்னியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

இன்னொரு சம்பவம் வியட்நாம் போர்க்காலத்தது. 1971-இல், அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவிவிட்டது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஊர் திரும்பிய வீரர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டார். ஐந்தில் ஒருவர் அங்கே தான் அடிமையாக இருந்ததாகச் சொன்னார். ஊர் திரும்பினால் இவர்கள் என்ன ஆவார்களோ என்று அரசாங்கமே நடுங்கியது. ஆனால் அடிமையாக இருந்தவர்களில், ஊர் வந்த முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மூன்று ஆண்டுகளுக்குள் என்று பார்த்தாலும் சுமார் 12 சதவீதம். அதே மனிதர்கள், அதே குணம். மாறியது இடமும் சூழலும் கூட்டாளிகளும், மறுபடி கிடைத்த குடும்பமும் வேலையும்.

நம் பிள்ளையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. மாத்திரை வாங்கிய தெருவிலேயே அவன் தினமும் நடக்கிறான். விற்றவன் கைபேசியில் இருக்கிறான். அவனிடம் போய் "உறுதியா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது என்ன நியாயம்?

மீண்டெழும் திறன் சிலரிடம் பிறவியிலேயே இருக்கும், சிலரிடம் இருக்காது என்பதல்ல விஷயம். மருந்து, தூக்கம், வேலை, நம்புகிற ஒரு மனிதர், போய் உட்கார ஓரிடம் ஆகியவை சேரச் சேர அது கூடுகிறது, இவை ஒவ்வொன்றாக உருவப்பட்டால் குறைகிறது.

மலேசியா பெற்ற பாடம்

மலேசியா பல ஆண்டுகள் போதைக்கு அடிமையானவர்களைப் பிடித்து முகாம்களில் கட்டாயமாக அடைத்துவைத்தது. கடுமையான ஒழுங்கு, உடற்பயிற்சி, போதனை எல்லாம் இருந்தன. ஓபியாய்டு சார்ந்திருப்பைக் குறைக்கும் மருந்து இல்லை. பிறகு அரசே, விரும்பி வருவோருக்கு மெதடோன் மருந்தும் ஆலோசனையும் தரும் திறந்த மையங்களைத் தொடங்கியது. இரண்டிலிருந்தும் வெளியே வந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்தது. அடைத்துவைக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வெளியே வந்த 31 நாளுக்குள் மறுபடியும் ஓபியாய்டு எடுத்துவிட்டார்கள். விரும்பிச் சிகிச்சை பெற்றவர்களிடம் அந்த இடைவெளி 352 நாள்.

அதே நாட்டில் இன்னொன்றும் நடந்தது. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் மஸ்ஜித் அர்-ரஹ்மானில், அந்தப் பல்கலைக்கழகத்தின் போதைநோய் ஆய்வு மையம் 2010-இல் மெதடோன் சிகிச்சையைத் தொடங்கியது. தொழுகையும் மார்க்க வகுப்பும் ஆலோசனையும் மருந்தும் ஒரே கூரையின் கீழ். 'பள்ளிவாசலில் போதை மருந்தா' என்று முகம் சுளிக்கும் கேள்வி நமக்கும் வரும்தான்.

மெதடோனும் பியூப்ரெனார்ஃபினும் அதே பூட்டில் பொருந்தும் மருந்துகள் என்பது உண்மை. ஆனால் அவை மெதுவாக ஏறி, நாள் முழுக்க நிற்கின்றன. உச்சத்தில் மிதப்பதும் மாலையில் முறுக்குவதும் இல்லாததால், சரியான அளவில் இருப்பவர் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்பவர்களுக்கு 2003-இல் சுவீடனில் வெளியான ஒரு சிறிய ஆய்வு பதில் சொல்கிறது. ஹெராயினுக்கு அடிமையான 40 பேர். எல்லாருக்கும் ஒரே தரமான ஆலோசனையும் குழுச் சிகிச்சையும். 20 பேருக்கு ஓராண்டு முழுக்க பியூப்ரெனார்ஃபின், மீதி 20 பேருக்கு ஆறே நாளில் குறைத்து நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை. ஆண்டு முடிவில் முதல் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். இரண்டாம் குழுவில் ஒருவர்கூட இல்லை. நான்கு பேர் இறந்தும் போயிருந்தார்கள். இரண்டாம் குழுவில் இருந்த 20 பேருக்கும் மன உறுதி இல்லையென்றா சொல்வது?

நோன்பு மாதத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இவை பொதுவாக நாளைக்கு ஒருமுறை எடுக்கும் மருந்துகள் என்பதால் இரவு நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு. ரமளானுக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் பேசி நேரத்தை மாற்றுங்கள். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

நாம் செய்யும் சில தவறுகள்

'கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்.' ஆகாது. இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். மறைத்து நிகாஹ் நடத்துவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. சிகிச்சையில் ஓராண்டாவது நிலைத்த பிறகு, உண்மையைச் சொல்லிப் பெண் கேட்கலாம்.

'வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் தப்பித்துவிடுவான்.' வியட்நாம் கதையைப் படித்தால் இதுவும் சரியென்றே தோன்றும். ஆனால் அந்த வீரர்கள் அந்நிய மண்ணிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்தார்கள். நாம் பையனைச் சொந்த வீட்டிலிருந்து தனிமையான பேச்சிலர் அறைக்கு அனுப்புகிறோம். போதாததற்கு, அமீரகம் போன்ற நாடுகளில் டிரமடால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முறையான அனுமதியின்றிப் பையில் வைத்திருந்தாலே வழக்கு, சிறை.

மூன்றாவது தவறுதான் உயிரைப் பறிப்பது. ஒரு மாதம் மையத்தில் வைத்து 'சுத்தம்' செய்து கொண்டுவந்து விட்டு, கதை முடிந்தது என்று நினைப்பது. அந்த ஒரு மாதத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. தடுக்கி விழுந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை ஆராய்ந்தபோது, முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் அவர்கள் இறக்கும் ஆபத்து பொதுமக்களைவிட 129 மடங்காக இருந்தது. எழுப்ப முடியாத தூக்கம், நீலம் பாரித்த உதடு, குறட்டை போன்ற மூச்சு இவற்றைக் கண்டால் 108-ஐ அழையுங்கள், போலீசுக்குப் பயந்து மறைக்காதீர்கள். நலாக்ஸோன் என்ற ஊசி அந்த நேரத்தில் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும்.

சட்டத்துக்குப் பயந்து சிகிச்சைக்கே போகாதவர்கள் அதிகம். சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் சிக்கியவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்களிக்க போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடம் தருகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் போதை சார்ந்த மனநலப் பாதிப்பை மனநோய் என்றே வரையறுக்கிறது. மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் போய்ப் பார்க்க விடுவார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். அடித்துத் திருத்துகிறோம் என்பவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

ஜமாஅத்தார் என்ன செய்யலாம்? குத்பாவில் போதையின் கேட்டைப் பேசுவது போலவே, சிகிச்சை உண்டு என்பதையும் பேசலாம். குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒரு தோழரை மற்றொருவர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. தண்டனை நிற்கவில்லை, சாபம்தான் நிறுத்தப்பட்டது. மஹல்லாவில் பெயரைப் பரப்பாமல் வேலைக்கு ஏற்பாடு செய்து தரும் இரண்டு பெரியவர்கள் இருந்தாலே பல வீடுகள் வெளியே வந்து பேசும்.

தொடங்குவது எங்கே? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஊசி பயன்படுத்துவோருக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் பியூப்ரெனார்ஃபின் இலவசம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' 14416, தமிழிலேயே பேசலாம்.

முதல் பேச்சு மாத்திரை அட்டையை முகத்தில் எறிவதாக இருக்க வேண்டியதில்லை. அவன் போதையில் இல்லாத, வீட்டில் கூட்டமில்லாத ஒரு நேரம் பாருங்கள். "இது உன் சட்டையில இருந்துச்சு வாப்பா. எவ்வளவு நாளா போடுறே? போடலேன்னா உடம்பு என்ன செய்யுது?" என்று உம்மா கேட்கலாம். முதலில் மறுப்பான். இரண்டாம் நாளும் அதே குரலில் கேளுங்கள். அவன் வாய் திறந்து "கை காலெல்லாம் இழுக்குதும்மா" என்று சொன்னால், மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு அவனோடு யார் போவது என்பதை அன்றிரவே வீட்டில் முடிவு செய்துவிடுங்கள்.